இறக்கத்தில் நிற்க வேண்டிய வண்டி

பிப்ரவரி 9

அம்மாடி,

போனில் நீ "அம்மாகிட்ட குடுங்க" என்பதற்கும் நான் "இந்தா, உன் பொண்ணு" என்று நீட்டுவதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடத்தான் நேரம் இருக்கிறது. அதற்குள் எதைச் சொல்வது? மீறிச் சொன்னாலும் இரண்டு பேரும் கத்துவோம். காகிதத்தில் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்ற படிப்பு. ஊரில் பாதிக் கடைகளுக்குப் போர்டு எழுதியவன், மகளுக்கு ஒரு கடிதம் எழுத எத்தனை காகிதம் கிழித்தான் என்பதை உன் அம்மா உனக்குச் சொல்லாமல் இருக்கப் போவதில்லை.

விஷயம் இதுதான். வண்டியின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடப் போகிறேன்.

அன்றைக்கு நடந்ததை நீ எனக்குச் சொல்ல வேண்டாம், நானும் அதே வண்டியில்தான் இருந்தேன். நாலு பேர் உட்கார்ந்த வண்டியில், மலிவாகக் கிடைத்தது என்று குளியலறைக்கு டைல்ஸ் பெட்டிகளையும் டிக்கியில் அடுக்கியது என் புத்தி. தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து இறங்க இறங்க மிதித்துக்கொண்டே வந்தேன். பழைய டிரம் பிரேக், உள்ளே சூடாகிச் சூடாகி ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்கவில்லை. பிரேக் மிதி, கட்டை மாதிரி இறுகிவிட்டது, வண்டியோ எனக்கென்ன என்று போய்க்கொண்டே இருந்தது. சிவப்பு விளக்கைத் தாண்டி, வீடு கட்டுகிறவர் கொட்டி வைத்திருந்த மணலில் போய் முட்டி நின்றோம். நீ பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினாய். மறுநாளே பஸ் ஏறிவிட்டாய். "இனிமே இந்த வண்டியில நானும் ஏற மாட்டேன், என் பொண்ணும் ஏற மாட்டா" என்றாய்.

உன்னைப் பற்றி நான் வாதாடவில்லை. நீ ஆட்டோவில் வா, ஒட்டகத்தில் வா. பள்ளிக்கூட லீவுக்கு என் பேத்தி வாலு வரும்போது அவளை மட்டும் வண்டியில் ஏற்ற எனக்கு அனுமதி வேண்டும். பிரேக்கை மாற்றினால் தருவாயா?

மெக்கானிக் கடைகளுக்கு "பிரேக் ஸ்பெஷலிஸ்ட்" என்று நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதி எழுதியே தொழில் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


பிப்ரவரி 21

அப்பா,

வண்டியை விற்றுவிடுங்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒட்டகத்தைத் தவிர்த்திருக்கலாம். அன்றைக்கும் இதைத்தான் செய்தீர்கள். வண்டி மணலில் ஏறி நின்றதும் திரும்பிப் பார்த்து, "யாரோ மகராசன் நமக்காகவே மணல் போட்டு வெச்சிருக்கான்" என்று சிரித்தீர்கள். என் கை பாப்பாவின் நெஞ்சுக்குக் குறுக்கே இருந்தது. அவள் இதயம் அடித்தது என் உள்ளங்கையில் தெரிந்தது. நீங்கள் சிரித்தீர்கள். பிரேக் பிடிக்காததற்காக நான் கோபித்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போதும் பஸ்ஸில் போகும்போது எதிரே வண்டி வந்தால் என் வலது கால் தரையை மிதிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பார்க்கிறார்கள்.

நான் வேலை செய்யும் டயாலிசிஸ் வார்டில், "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று ஒருவர் வாயால் சொன்னால் அது கணக்கில் சேராது. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். உங்களிடம் எதைக் கேட்டாலும் "சரியாப் போச்சும்மா" என்பீர்கள். கூரை ஒழுகியபோதும் அப்படித்தான் சொன்னீர்கள், அம்மா கையில் வாளியுடன் நின்றுகொண்டிருந்தார்கள்.

நீங்கள் விற்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒன்று சொல்கிறேன். பிரேக் மாற்றுவதென்றால் மாற்றுங்கள். ஆனால் சரியாகப் போனதை எழுதாதீர்கள். எது எது தப்பாகப் போனது என்று எழுதுங்கள். அதைப் படித்த பிறகு லீவைப் பற்றி யோசிக்கிறேன்.

உங்கள் பேத்தி நன்றாக இருக்கிறாள். வண்டியை வரைந்து, அதற்கு இறக்கை வைத்து, சுவரில் ஒட்டியிருக்கிறாள். நான் எடுக்கவில்லை.


மார்ச் 14

அம்மாடி,

தப்பாகப் போனதை மட்டும் எழுதச் சொன்னாய். அப்படியென்றால் கடிதம் நீளும், நான் பொறுப்பில்லை.

உடைக்க வந்த ஒரு பழைய வேனிலிருந்து முன் சக்கர டிஸ்க்குகளும், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்களும் கிடைத்தன. காலிப்பர் என்பது இடுக்கி மாதிரி. மிதித்தால் இரண்டு பக்கமும் அழுத்தி டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். வெளியே காற்றாட இருப்பதால் டிரம் மாதிரி சூட்டில் புழுங்காது. அவற்றுக்கு உள்ளே புது ரப்பர், டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் புது பேட் எல்லாம் போட்டாயிற்று. நம் வண்டியில் பொருத்த நடுவில் ஒரு தடித் தகடு வேண்டும் என்று லேத்துக்காரரிடம் போனேன். அட்டையில் வெட்டிய என் அளவைப் பார்த்துவிட்டு அவர், "இது பிரேக்குக்கா, பொங்கிற பாலுக்கு மூடியா?" என்றார். வீட்டுக்கே வந்து அளந்து, தகட்டைச் செய்து கொடுத்தார். முதல் தப்பு என் அட்டை அளவு.

இரண்டாவது, சக்கரம் ஏறவில்லை. டிஸ்க்கும் காலிப்பரும் போட்டபின் பழைய ரிம் உள்ளே இடித்தது. இதை முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று எல்லோரும் பிறகு சொன்னார்கள். ஒரு சுற்றுப் பெரிய ரிம்மாக மாற்றினேன். முகம் கொஞ்சம் தூக்கி நிற்கிறது. உன் அம்மா அதை எருமை என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். இப்போது, "எருமை குதிகால் செருப்பு போட்டிருக்கு" என்கிறாள்.

மூன்றாவதுதான் தலைவலி. மிதித்ததும் ஆயிலைத் தள்ளிவிடும் பழைய மாஸ்டர் சிலிண்டர் டிரம்முக்குச் செய்தது, டிஸ்க்குக்கு ஆகாது என்று அதையும் கழற்றிப் புதிது மாட்டி, பிரேக் ஆயில் ஊற்றி, ஏர் எடுக்க ஆரம்பித்தோம். குழாய்க்குள் காற்று இருந்தால் மிதிப்பது எல்லாம் காற்றை அமுக்குவதோடு சரி, பிரேக்குக்குப் போய்ச் சேராது. அதனால் ஒருவர் மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும், அதற்குப் பிறகுதான் காலை எடுக்க வேண்டும். மிதிக்க உன் அம்மா.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடிச்சுக்கோ."

"எதை?"

"மிதியைத்தான், வேற எதை! விடாதே, விடாதே... ஏன்டி விட்ட?"

"போன் அடிச்சுது. உங்க பொண்ணாத்தான் இருக்கும்."

நீதான். அன்று அம்மா மூச்சிரைக்கப் பேசினாளே, ஏன் என்று கேட்டாயாம். இதனால்தான்.

மறுநாளும் எடுத்தோம். அதற்கு மறுநாளும். புட்டி புட்டியாக ஆயில் போனது, மிதி மட்டும் ஈரப் பஞ்சை மிதிப்பது போல அமுங்கிக்கொண்டே போகிறது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் இறுகுகிறது. நான் போர்டு எழுதிய ஒர்க்‌ஷாப்காரர் ஒருவர் வந்து பார்த்து, "ரெண்டு தடவை மிதிச்சா பிடிக்குதில்ல? அப்புறம் என்ன அண்ணே, ஓட்டுங்க, போகப் போகச் சரியாயிடும்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அவர் சொன்னது எனக்கு இனித்தது. உனக்கு எழுதவும் உட்கார்ந்தேன். "சரியாப்" என்று எழுதிவிட்டேன். அப்புறம் பேனாவை மூடினேன். இரண்டாவது முறை மிதிக்க அந்த இறக்கத்தில் எங்கே நேரம் இருந்தது?

சரியாகவில்லை. என்ன காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி கல்லு வைத்து நிறுத்தப்பட்டிருக்கிறது.

அப்பா


மார்ச் 22

அப்பா,

வண்டியை எடுக்காதீர்கள். போகப் போகச் சரியாகும் என்றவரை அவருடைய பேரக் குழந்தையை ஏற்றிக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள்.

எனக்கு பிரேக் தெரியாது. ஆனால் குழாயில் காற்று என்றால் தெரியும், நாளெல்லாம் அதோடுதான் என் வேலை. நோயாளிக்கு ரத்தம் திரும்பப் போகும் வழியில் ஒரு சின்னக் கூடு வைத்திருப்போம். காற்றுக் குமிழி எப்போதும் மேலே போகத்தான் பார்க்கும், அந்தக் கூட்டின் உச்சியில் போய் உட்காரும். உச்சியிலிருந்துதான் அதை வெளியே எடுப்போம். அடியில் எத்தனை முறை திறந்தாலும் திரவம்தான் வரும், காற்று மேலேயே இருந்துகொண்டு நம்மை வேடிக்கை பார்க்கும். தப்பி ஒரு குமிழி தாண்டினால் மெஷின் கத்திக்கொண்டே நின்றுவிடும். உங்கள் வண்டியில் கத்துவதற்கு அம்மா மட்டும்தான் இருக்கிறார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் திறந்து மூடும் திருகு காலிப்பரில் எங்கே இருக்கிறது? மேலேயா, கீழேயா? நினைவிலிருந்து சொல்லாதீர்கள். போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் பார்த்த பிறகு அம்மாவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"சரியாப்" என்பதோடு நிறுத்தியது நல்லது. அந்த வரியை இவரிடம் படித்துக் காட்டினேன். "மாமாவா இப்படி எழுதினார்?" என்றார்.

போன் செய்து அம்மாவின் வேலையைக் கெடுத்ததற்கு மன்னிக்கவும்.


மார்ச் 30

என் தங்கமே,

கீழே.

இரண்டு பக்கமும் கீழேதான் இருந்தது. நான் பார்த்தேன். உன் அம்மாவும் குனிந்து பார்த்துவிட்டு, "இதைக் கண்டுபிடிக்க அவ அங்கேருந்து எழுதணுமா?" என்றாள்.

காலிப்பர்களை முதலிலேயே பக்கம் மாற்றிப் பொருத்தியிருக்கிறேன். வலது பக்கத்தது இடது பக்கத்திலும், இடது பக்கத்தது வலது பக்கத்திலும். பொருந்துவது என்னவோ அழகாகப் பொருந்திவிட்டது, திருகுதான் தலைகீழாகத் தரையைப் பார்க்கிறது. எப்படி இந்த மகா வேலையைச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கடைக் கண்ணாடியில் உள்பக்கமிருந்து எழுதும்போது எல்லாவற்றையும் திருப்பி எழுதுவேன், வெளியே தெருவில் நிற்பவருக்கு அது நேராகத் தெரியும். இத்தனை வருஷத்தில் கை அதற்குப் பழகிவிட்டது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்ததும், 'இங்கேயிருந்து பார்த்தால் இது இடது, அப்படியென்றால் அங்கே வலது' என்று மூளை திருப்பிவிட்டது. அங்கே தெருவில் யாரும் நிற்கவில்லை என்பதை யோசிக்கவில்லை. ஒரு மெக்கானிக் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். இதற்கென்று ஒரு பெயிண்டர் வேண்டும்.

இரண்டையும் கழற்றி இடம் மாற்றினேன். திருகு மேலே வந்தது. உன் அம்மா மிதித்தாள், நான் திறந்தேன். புட்டியில் விட்டிருந்த குழாயில் குமிழி வந்தது பார், சாகும் மீன் வாயைத் திறந்தது போல, ஒன்றன்பின் ஒன்றாக. அப்புறம் நின்றது. "கால் அதுக்கு மேல போகலை, கல்லு மாதிரி இருக்கு" என்றாள் உன் அம்மா. நம்பாமல் நானும் மிதித்துப் பார்த்தேன். கல்தான்.

மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன். மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்கிறது. ஆயில் எங்கும் கசியவில்லை. லேத்துக்காரரை வரவழைத்து எல்லா போல்ட்டையும் அவர் கையால் முடுக்கிப் பார்க்கச் சொன்னேன், நீ சொன்ன இரண்டாவது ஆள் அவர். தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு நான் போகவில்லை. உன்னைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன்.

சரியாகிவிட்டது என்று நான் எழுதப் போவதில்லை. நீ வந்து மிதித்துப் பார்த்துச் சொல்.

அப்பா


ஏப்ரல் 11

அப்பா,

லீவு கிடைத்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை காலை நானும் பாப்பாவும் வருகிறோம். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியைக் கொண்டுவராதீர்கள், ஆட்டோவில் வந்துவிடுவோம். இவருக்கு வேலை, வர முடியாது.

பாப்பா அம்மாவோடு வீட்டில் இருக்கட்டும். மேட்டில் முதலில் நான் ஓட்டுகிறேன். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். வழியில் எதுவும் பேசாதீர்கள். முக்கியமாகச் சிரிப்பு வரும்படி எதுவும்.

எனக்குப் பிடிக்கவில்லை என்றால் பாப்பா ஏற மாட்டாள். அதற்கு அப்புறம் கெஞ்சக் கூடாது, அவளைத் தூண்டிவிடவும் கூடாது. இதற்குச் சம்மதம் என்றால் பதில் எழுத வேண்டாம்.


மே 2

அம்மாடி,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததை அம்மா சொன்னாள். இதையெல்லாம் நீ இங்கே இருந்தபோதே சொல்லியிருக்கலாம். எனக்கு வாயைத் திறந்தால் வேறு எதுவோதான் வருகிறது, உனக்குத் தெரியும். எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வருகிறது.

நீ மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தி, கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாய். நான் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே போய் விளக்கில் நிறுத்துவாய் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். நீயோ நடு இறக்கத்திலேயே, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மிதி மிதித்தாய். என் மூக்குக் கண்ணாடி கழன்று முன்னால் போய் விழுந்தது. வண்டி வரைந்து வைத்தது போல நின்றது.

"பயந்துட்டீங்களா?" என்று கேட்டாய்.

"ஆமா" என்றேன்.

"அன்னைக்கும்?"

"அன்னைக்கும்தான்மா. அதை மறைக்கத்தான் வாய் என்னமோ உளறிச்சு."

நீ குனிந்தாய். கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தாய். பிறகு கீழே போய்த் திரும்பி மறுபடி மேலே ஏறினாய், மறுபடி இறங்கினாய். நீ எத்தனை முறை அப்படிப் போனாய் என்று நான் எண்ணவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் பெட்ரோல் தீர்ந்து பிரேக்குக்கு வேலை இல்லாமல் போகும் என்று ஒரு ஜோக் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அதையும் நீ கணக்கில் சேர்த்துக்கொள்.

வீட்டு வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்து, வாலுவைப் பார்த்து "ஏறு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அவள் ஏறுவதற்கு முன்னால் உன் அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். "மிதிச்சவ நான், எனக்கு இடம் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே.

அன்று சாயங்காலம் வாலு என்னிடம் ரகசியமாக ஒன்று கேட்டாள். "தாத்தா, எங்க வீட்டுக்கு இந்த வண்டி வராதா?" "தூரம்டா செல்லம்" என்று சொல்லிவிட்டேன். நான் அவளைத் தூண்டவில்லை, அவளாகவே கேட்டாள். நீ கேள்விப்பட்டால் தப்பாக நினைக்கக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

உன் வலது கால் இப்போது பஸ்ஸில் எப்படி இருக்கிறது?

அப்பா


மே 13

அப்பா,

கால் நேற்று சும்மா இருந்தது. முந்தாநாள் ஒரு லாரி வந்தபோது மிதித்தது. குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன்.

இறக்கத்தில் நீங்கள் "ஆமா" என்றீர்களே. அதனால்தான் திரும்பத் திரும்ப ஓட்டினேன். இரண்டாவது தடவைக்குப் பிறகு நான் பிரேக்கைச் சோதிக்கவில்லை அப்பா. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

தூரம் என்று அவளிடம் ஏன் சொன்னீர்கள்? இங்கே வந்த நாளிலிருந்து, 'தாத்தா வண்டி வரும்' என்று தெருப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் அம்மாவும் நீங்களும் வண்டியிலேயே வாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டுங்கள், வழியில் ஓரிடத்தில் தங்கிப் புறப்படுங்கள். பின் சக்கரங்களில் இன்னும் டிரம்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். கிளம்பும் முன் லேத்துக்காரரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கு என் நன்றியையும் சொல்லுங்கள். வண்டி நிறுத்தக் கீழ் வீட்டு டீச்சரிடம் பேசி, அவர்கள் ஸ்கூட்டரைத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். "எவ்வளவு பெரிய வண்டி?" என்று கேட்டார்கள். பாப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, போதாது என்று தெருவுக்கு ஓடிப்போய் அங்கிருந்து காட்டினாள்.

எங்கள் தெரு செங்குத்தான இறக்கம். பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தால் சமதளமாகவே வீட்டுக்கு வந்துவிடலாம். இவர் அந்த வழியைத்தான் உங்களுக்கு எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. நீங்கள் மேலேயிருந்து நேராகவே இறங்கி வாருங்கள். நானும் பாப்பாவும் கீழே நிற்கிறோம்.

ஓரமாகத்தான் நிற்போம். நடுவில் நிற்கும் அளவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.